காசநோய் மாத்திரை தொடங்கியபின் டொலூடெக்ராவிர் இரண்டு வேளை: அளவு கூடிவிடாதா?

கேள்வி

என் அண்ணன் சில ஆண்டுகளாக, எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுக்கும் டி.எல்.டி. மாத்திரையை (டெனோஃபோவிர், லாமிவுடின், டொலூடெக்ராவிர் ஆகிய மூன்று எச்.ஐ.வி. மருந்துகளும் சேர்ந்தது) இரவு உணவுக்குப் பின் தவறாமல் எடுத்து வருகிறார். சென்ற மாதம் அவருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானது. காசநோய் மாத்திரைகளைத் தொடங்கியதும், காலையில் எடுக்கும்படி டொலூடெக்ராவிர் 50 மி.கி. மாத்திரை ஒன்றைத் தனி டப்பாவில் கொடுத்தார்கள். டி.எல்.டி.யிலேயே அதே மருந்து 50 மி.கி. இருப்பதால், அளவு இரட்டிப்பாகி ஈரல் கெட்டுவிடுமோ என்று அஞ்சி, காலை மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார். நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் மருந்தும், இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் அவரிடம் உள்ளன. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (மருந்தாளுநர்)

தயவுசெய்து விடச் சொல்லாதீர்கள். காசநோய் மருந்துகளில் முதன்மையான ரிஃபாம்பிசின், ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பெருமளவில் தூண்டிவிடுகிறது. அதனால் டொலூடெக்ராவிர் வேகமாகச் சிதைந்து, இரத்தத்தில் அதன் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை கொடுக்கும்போதுதான், ரிஃபாம்பிசின் இல்லாத நாட்களில் ஒரு வேளை மாத்திரையால் கிடைத்துவந்த அளவை ஏறத்தாழ எட்ட முடிகிறது. ஆகவே மாத்திரை இரண்டானாலும் உடலில் நிற்கும் மருந்து இரட்டிப்பாவதில்லை. காலை மாத்திரையை விட்டால், வைரஸ் மீண்டும் பெருகவும், மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெறவும் வழி ஏற்படும். டி.எல்.டி.யில் உள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் ஆகியவற்றுக்கு இப்படி அளவை மாற்றத் தேவையில்லை என்பதால்தான் டொலூடெக்ராவிரை மட்டும் தனியாகத் தருகிறார்கள்.

இன்னொன்றை இப்போதே குறித்து வையுங்கள்: காசநோய் சிகிச்சை முடிந்த அன்றே காலை மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தூண்டப்பட்ட நொதிகள் பழைய நிலைக்குத் திரும்பச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால், ரிஃபாம்பிசின் நின்ற பிறகும் இரண்டு வாரம் அது தொடர வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான்.

மறுமொழி 2

ஆன்டாசிட்டையும் இரும்புச்சத்தையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அலுமினியம், மக்னீசியம், இரும்பு, கால்சியம் ஆகியவை குடலிலேயே டொலூடெக்ராவிரைப் பிணைத்து, அது உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. எனவே அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ டொலூடெக்ராவிரை எடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மட்டும் உணவோடு சேர்த்து ஒரே வேளையில் எடுக்கலாம். ஆன்டாசிட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு வேளையும் டொலூடெக்ராவிர் இருப்பதால், மதிய உணவுக்குப் பின் இரும்புச்சத்து மாத்திரை என்று வைத்துக்கொள்வது உங்கள் அண்ணனுக்கு எளிதாக இருக்கும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவரானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். டொலூடெக்ராவிர் அதன் அளவை இரத்தத்தில் கூட்டும்.

மறுமொழி 3

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு எச்சரிக்கை. இரண்டு வேளை என்னும் இந்த முறை எல்லா எச்.ஐ.வி. மருந்துகளுக்கும் பொருந்தாது. அட்டசனாவிர்-ரிட்டோனாவிர் எடுப்பவர்களுக்கு ரிஃபாம்பிசினைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. அவர்களுக்கு அதற்குப் பதிலாக ரிஃபாபுட்டின் தருவது வழக்கம். ஆகவே காசநோய் மையத்தில் ஏ.ஆர்.டி. அட்டையையும், ஏ.ஆர்.டி. மையத்தில் காசநோய் மருந்துச் சீட்டையும் கட்டாயம் காட்டுங்கள். மஞ்சள்காமாலை, தொடர் வாந்தி, பார்வை மங்கல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த தேதி வரை காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது மட்டும் ரிஃபாம்பிசினின் நிறமே. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அண்ணனிடம் படித்துக் காட்டினேன். காலை மாத்திரையைத் தொடர்வதாகச் சொல்லிவிட்டார். ஆன்டாசிட்டுக்கு மாற்றாக வேறு மருந்து தர இயலுமா என்று அடுத்த முறை மையத்தில் கேட்கிறோம்.