நான்கு வயதில் எழுதத் தொடங்காத பிள்ளை: முன்பள்ளியை மாற்ற வேண்டுமா?

கேள்வி: கொக்குவில் தாய்

என் மகனுக்கு நான்கு வயதும் சில மாதங்களும் ஆகின்றன. விஜயதசமியன்று ஏடு தொடக்கி, அரிசியில் 'அ' எழுதுவித்தோம். ஆயினும் பென்சிலைக் கொடுத்தால் இரண்டு கோடு கீறிவிட்டு எழுந்து ஓடிவிடுகிறான். அவனுடைய முன்பள்ளியில் விளையாட்டும் பாட்டுமே கூடுதல். வேறொரு முன்பள்ளிக்குப் போகும் அயல்வீட்டுப் பிள்ளையோ உயிரெழுத்துகள் முழுவதையும் கொப்பியில் எழுதுகிறாள். மகன் ஓயாமல் கதைப்பான், ஆனால் ர, ழ இரண்டும் இன்னும் திருந்தவில்லை. தரம் ஒன்றுக்கு முன்னர் இடத்தை மாற்றுவது நல்லதா?

பதில்: ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை, சாவகச்சேரி

தங்கச்சி, மாற்ற வேண்டாம். பொதுவாகப் பிள்ளைகள் மூன்று வயதளவில் வட்டத்தையும், நான்கில் கூட்டல் குறியையும், நாலரையில் சதுரத்தையும், ஐந்தை அண்டி முக்கோணத்தையும் பார்த்துக் கீறுவார்கள். சுழியும் வளைவும் நேர்கோடும் ஒன்றாக வரும் 'அ'வை, சதுரத்தின் மூலையில் கையைத் திருப்பத் தெரியாத பிள்ளையிடம் கேட்பது நியாயமில்லை. அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகள்கூட முழுமையாக உருவாகியிருப்பதில்லை.

எழுத்துக்கு முன்னர் விரல்கள் பழக வேண்டும். ரொட்டி மா குழைக்கும்போது ஓர் உருண்டையை அவனிடம் கொடுங்கள். சட்டைத் தெறியை அவனே பூட்டட்டும். முற்றத்து ஈரமணலில் விரலால் கீறட்டும். மரியா மொண்டிசோரி பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தது கொப்பியை அல்ல, விரலால் தடவிப் பார்க்கும் உப்புத்தாள் எழுத்துகளை. பெயர்ப்பலகையில் அவருடைய பெயரை எழுதிவிட்டு உள்ளே நாள் முழுவதும் பார்த்தெழுத வைக்கும் இடங்களை நான் கண்டிருக்கிறேன். நமது ஆரம்பக் கல்வித் திட்டமே தரம் 1, 2 இல் வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டுக்கு முதலிடமும் எழுத்து வேலைக்குக் கடைசி இடமும் கொடுத்திருக்கும்போது, முன்பள்ளி ஏன் அந்தரப்பட வேண்டும்?

பதில்: குடும்பநல உத்தியோகத்தர், வலிகாமம்

எழுத்தைவிட முக்கியமானவை வேறு. நான்கு வயதில் நான்கு சொற்களுக்குக் குறையாத வசனம் பேசுகிறானா, வெளியாட்களுக்கு அவன் பேச்சு பெரும்பாலும் விளங்குகிறதா, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பாவனை விளையாட்டு விளையாடுகிறானா என்று பாருங்கள். ர, ழ பிசகுவது இந்த வயதில் வழமையே. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதிருத்தல், முன்பு செய்தவற்றை இப்போது செய்யாமல் விடுதல் ஆகியவற்றைக் கண்டால், பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டுடன் உடனே கிளினிக்குக் கூட்டி வாருங்கள். 'ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைப்பான்' என்று காத்திருப்பதால் செவிப்புலன் குறைபாடு கவனிக்கப்படாமல் போகக்கூடும். கைப்பேசி பார்ப்பது நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியிருப்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

பதில்: ஒரு தந்தை, நல்லூர்

ஆசிரியை சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் தரம் ஒன்றில் மற்றப் பிள்ளைகள் எழுதும்போது நம் பிள்ளை விழித்துக்கொண்டிருந்தால் அவனுக்கும் மனம் சோரும். தன் பெயரையாவது எழுதப் பழக்கி அனுப்புவதே என் விருப்பம்.

கொக்குவில் தாய்

அனைவருக்கும் நன்றி. வட்டம் நன்றாகக் கீறுகிறான், சதுரம் வரவில்லை. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: அவன் கீறுவது இடது கையால். அம்மம்மா ஒவ்வொரு முறையும் பென்சிலை வலது கைக்கு மாற்றிவிடுகிறார்.

ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை

அவன் எழுந்து ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சாப்பிடுவதற்கு வலது கையைப் பழக்குவது உங்கள் வீட்டு வழக்கம், அதில் நான் தலையிடவில்லை. பென்சிலை மட்டும் அவன் எடுத்த கையிலேயே விட்டுவிடும்படி அம்மம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தாளைச் சற்று வலப்பக்கம் சரித்து வைத்தால், தான் கீறுவதை அவனது கையே மறைக்காது. தந்தை சொன்னபடி பெயர் எழுதுவதை ஐந்து வயதை நெருங்கும்போது தொடங்கலாம்.