கட்டுரையின் தலையில் இரண்டு வார்ப்புரு, தகவற்பெட்டியில் சிவப்பு எழுத்து: உதவி தேவை

வைகைக்கரை:
வணக்கம். கல்லூரி மாணவர் சங்கம் ஒன்றைப் பற்றிய விக்கிக் கட்டுரையை விரிவாக்கினேன். யாரோ வந்து 'நடுநிலை இல்லை', 'மூன்றாம் தரப்புச் சான்று தேவை' என்று இரண்டு வார்ப்புருவை (எச்சரிக்கைக் குறிப்பு) ஒட்டிவிட்டுப் போய்விட்டார். கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்கத் தகவற்பெட்டியும் வரவில்லை, சிவப்பாக ஏதோ பிழை காட்டுகிறது. மேற்கோள் நிறையவே கொடுத்திருக்கிறேன். என்ன செய்தால் இவை போகும்? அவசரம், கட்டுரைப் போட்டி முடியப்போகிறது.

இரவல்பேனா:
எந்தச் சங்கம்? எந்த ஊர்? மேற்கோள் எங்கிருந்து?

சிறுகுறிஞ்சி:
சிவப்பில் இருப்பதை அப்படியே இங்கே ஒட்டுங்கள். 'ஏதோ பிழை' என்றால் என்ன பார்ப்பது?

கத்திரிவெயில்:
எந்திர மொழிபெயர்ப்பாக இருக்கும். பாதி வார்ப்புரு அதற்காகத்தான் விழுகிறது.

மூத்தபயனர்:
கட்டுரையைப் பற்றி விவாதிக்கப் பேச்சுப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது, புதியவர்கள் அதைத் திறப்பதே இல்லை. கொள்கைப் பக்கங்களை ஒருமுறை படித்துவிட்டு வந்தால் இங்கே பலருடைய நேரம் மிச்சமாகும்.

வைகைக்கரை:
பேச்சுப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது ஐயா. சங்கம்: ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம், தொடக்கம் 1906. மேற்கோள் எல்லாம் சங்கத்தின் சொந்தத் தளம்தான், அதைவிட நம்பகமானது எது? சிவப்பில் 'லுவா பிழை' என்று இருக்கிறது. முதல் வரி: "கறுப்பின மாணவர்களின் முதல் சங்கமான இது, மாபெரும் தலைவர்களை உலகுக்கு ஈந்த ஒப்பற்ற ஆலமரம்."

இரவல்பேனா:
அந்த ஆலமரத்தை முதலில் வெட்டுங்கள், ஒரு வார்ப்புரு அதோடு போய்விடும். 'முதல் சங்கம்' என்று மொட்டையாகச் சொல்லவும் கூடாது. சிக்மா பை ஃபை என்ற கறுப்பினச் சங்கம் 1904இலேயே ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிவிட்டது. அது படித்து முடித்துத் தொழிலில் இருந்தவர்களுக்கானது. ஆகவே 'பல கல்லூரிகளில் கிளை கொண்ட, கிரேக்க எழுத்துப் பெயருள்ள கறுப்பின மாணவர் சங்கங்களில் முதலாவது' என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் யாரும் கைவைக்க முடியாது. 1907இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டாவது கிளை வந்ததைச் சேர்த்தால் 'பல கல்லூரி' என்பதற்கும் பொருள் இருக்கும்.

அப்புறம், நிறுவனர் ஏழு பேருக்கும் புகழ்மாலை வேண்டாம், செய்ததைச் சொல்லுங்கள். வெர்ட்னர் டாண்டி நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர், கறுப்பினத் தொழிலதிபர் மேடம் சி. ஜே. வாக்கரின் மாளிகையை வடிவமைத்தவர். யூஜீன் கிங்கிள் ஜோன்ஸ் தேசிய நகர்ப்புற லீக் என்ற கறுப்பினர் உரிமை அமைப்பை நடத்தியவர். இதற்கெல்லாம் சங்கத்துக்கு வெளியே சான்று கிடைக்கும்.

கத்திரிவெயில்:
மார்ட்டின் லூதர் கிங்கை மேலே போடுங்கள். வாசகர் அதற்குத்தான் வருவார்.

இரவல்பேனா:
அவர் சேர்ந்தது 1952இல், பாஸ்டனில். உறுப்பினர் பகுதியில் ஒரு வரி போதும். வாஷிங்டனில் 2011இல் திறந்த அவரது நினைவகத்துக்கு முயற்சி எடுத்தது இந்தச் சங்கம், 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி தந்தது. அதற்குத் தனிப் பத்தியே எழுதலாம்.

மூத்தபயனர்:
சார்ல்ஸ் வெஸ்லி 1929இல் எழுதிய சங்க வரலாறு இருக்கிறதே. அடிப்படை நூல் அதுதான். இதைக்கூட யாரும் சொல்லவில்லை.

இரவல்பேனா:
வெஸ்லி அந்தச் சங்கத்தின் உறுப்பினர். 1931இலிருந்து தலைவரும் அவரே. மூன்றாம் தரப்புச் சான்று கேட்கும் இடத்தில் அதை வைப்பதா?

மூத்தபயனர்:
ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் அவர். நூல் வந்தபோது தலைவரும் இல்லை. ஆண்டைக் கூட்டிப் பாருங்கள்.

இரவல்பேனா:
தலைவர் இல்லை, உறுப்பினர்தானே! தன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தானே விமர்சனம் எழுதுவது போலத்தான். நிறுவிய தேதி, கூட்டம் நடந்த இடம் போன்றவற்றுக்கு வெஸ்லியைக் காட்டுங்கள். 'செல்வாக்கு மிக்கது' என்பதற்குக் காட்டாதீர்கள். கென்டக்கி பல்கலைக்கழகப் பதிப்பகம் 2005இல் இத்தகைய சங்கங்களைப் பற்றி ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டது, மதிப்பீட்டுக்கு அதைப் பாருங்கள்.

மூத்தபயனர்:
அதிலும் சங்க உறுப்பினர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கணக்குப்படி யாரையும் காட்ட முடியாது.

சிறுகுறிஞ்சி:
சண்டை தனியாக நடக்கட்டும். @வைகைக்கரை, ஆங்கில விக்கியின் தகவற்பெட்டியை அப்படியே படியெடுத்தீர்களா? அது கேட்கும் நிரல்கூறு (லுவா மொழியில் எழுதிய சிறு நிரல்) நம் விக்கியில் இல்லாவிட்டால் லுவா பிழை வரும். அமைப்புகளுக்கான பொதுப் பெட்டியைப் போட்டுப் பாருங்கள். சங்கச் சின்னத்தை விக்கியின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றாதீர்கள், உரிமம் இல்லாததை நீக்கிவிடுவார்கள்.

வைகைக்கரை:
பொதுப் பெட்டி வந்துவிட்டது, நன்றி. முதல் வரியை மாற்றிவிட்டேன். ஒரு வார்ப்புரு போயிற்று, சான்று வார்ப்புரு இருக்கிறது. டாண்டிக்குத் தனிக் கட்டுரை தொடங்கினால் போட்டியில் சேருமா?

மூத்தபயனர்:
போட்டி விதிகள் பக்கத்தில் இருக்கிறது.