பெரியப்பா பார்த்த விமான நிலையம்

குழு: நம்ம வீடு
திங்கள், காலை 7.32

பெரியப்பா: (4 படங்கள், 1 காணொளி)

பெரியப்பா: இங்கே இன்னும் ஞாயிறு சாயங்காலம். அருண் எங்களைச் சாண்டா பாலா விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனான். கலிபோர்னியா வந்து ஒன்றரை மாதத்தில் எனக்குப் பிடித்த முதல் இடம் இதுதான்.

அத்தை: ஏர்போர்ட் என்றதும் பதறிவிட்டேன் அண்ணே. அதற்குள் ஊருக்குக் கிளம்பிட்டீங்களோ என்று.

பெரியப்பா: இது டிக்கெட் எடுத்துப் போகிற இடம் இல்லைம்மா. ஆளாளுக்குச் சொந்தமாகக் குட்டி விமானம் வைத்திருக்கிறார்கள். நம்ம பக்கம் டிராக்டரைக் கொட்டகையில் விடுவதுபோல ஹேங்கரில் விட்டிருக்கிறார்கள். கன்ட்ரோல் டவர்கூடக் கிடையாது.

சித்தப்பா: டவர் இல்லையா? அப்புறம் யாரைக் கேட்டு இறங்குவது?

அருண் அண்ணா: யாரையும் கேட்க வேண்டாம் சித்தப்பா. எல்லோரும் ஒரே அலைவரிசையில் "இங்கே இருக்கிறேன், இறங்கப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். மற்றவர்கள் கேட்டு விலகிக்கொள்வார்கள்.

சித்தப்பா: கொடைக்கானல் வளைவில் ஹாரன் அடிப்பது மாதிரி 😄

அருண் அண்ணா: அதேதான். ஓடுபாதை 2,700 அடிக்குக் கொஞ்சம் மேலே, அகலம் 60 அடி. ஒரு கிலோமீட்டர்கூட வராது.

நான்: மூன்றாவது படத்தில் பெரியப்பா எதைத் தட்டிப் பார்க்கிறார்?

பெரியப்பா: இறக்கையை! துணிடா அது. மேலே ஏதோ பூசி இறுக்கியிருக்கிறார்கள். விரலால் சுண்டினால் உறுமி மாதிரி அதிர்கிறது. வைத்திருப்பவரே "தொட்டுப் பாருங்கள்" என்றார். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் இப்படி ஹேங்கர்களை வரிசையாகத் திறந்து வைப்பார்களாம். அதுதான் அங்கே மியூசியம். காசு கிடையாது.

சித்தி: ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் அங்கேதானே இருந்தார்? எங்கேயோ படித்தேன்.

அருண் அண்ணா: ஆமாம் சித்தி. 1979-இல் ஸ்டியர்மேன் என்ற பழைய வகை விமானம், மஞ்சள் நிறத்தில் ஒன்றை வாங்கி இங்கேதான் ஓட்டப் பழகினார். சொல்லிக்கொடுத்தவர் சாமி மேசன், பழைய டெஸ்ட் பைலட். கொஞ்ச காலம் ஹேங்கரிலேயே குடியிருந்தார். அடுத்த வருடம் நவம்பரில் இறந்துவிட்டார்.

பெரியப்பா: நடிகர் கதை இருக்கட்டும். அந்த இடம் எப்படி வந்தது தெரியுமா? 1928 மார்ச் 12, நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பு, மேலே செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் குடிநீருக்காக வில்லியம் மல்ஹாலண்ட் கட்டிய கான்கிரீட் அணை, முடித்து 2 வருடம்கூட ஆகவில்லை. அன்று காலையில்தான் கலங்கலாகக் கசிவு வருகிறது என்று அணைக் காவலர் கூப்பிட்டார். மல்ஹாலண்ட் நேரில் வந்து பார்த்து, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். 12 மணி நேரம்! 400 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அணையின் கிழக்குப் பக்கத்தைச் சாய்த்து நிறுத்தியிருந்த மலையே ஒரு பழைய நிலச்சரிவு என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. பொதுப்பணித்துறையில் 31 வருடம் இருந்தவனுக்குத் தெளிந்த கசிவு வேறு, கலங்கல் கசிவு வேறு என்று சொல்லவா வேண்டும். கலங்கல் என்றால் உள்ளே மண் கரைகிறது.

அத்தை: ஏர்போர்ட்டில் ஆரம்பித்து அணைக்குப் போயாச்சு. இனி அண்ணனை நிறுத்த முடியாது.

பெரியப்பா: சம்பந்தம் இருக்கிறது, கேள். அந்த வெள்ளம் சாண்டா கிளாரா ஆற்றோடு இறங்கி, ஏறத்தாழ 3 மணி நேரத்தில் இந்த ஊருக்கு வந்தது. இரண்டு மோட்டார் சைக்கிள் போலீஸ்காரர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி எழுப்பினார்கள். ஊருக்குள் அவர்களுக்குச் சிலை இருக்கிறது, 4-வது படம் பார். ஆற்றங்கரையில் ரால்ஃப் டிக்கன்சன் என்ற விவசாயியின் நிலமும் நாசமானது. அவரும் அக்கம்பக்கத்து ஆட்களும் பங்கு போட்டு அந்த இடத்தில்தான் விமானத் தளம் அமைத்து 1930-இல் திறந்தார்கள். இன்றைக்கும் அது தனியார் சொத்துதான். ஆனால் யார் வேண்டுமானாலும் வந்து இறங்கலாம்.

சித்தப்பா: ஆறு மறுபடி வந்தால்?

அருண் அண்ணா: வந்ததே! 2005 மழையில் ஓடுபாதையிலேயே ஒரு துண்டை ஆறு அடித்துக்கொண்டு போனது. மூடி வைத்து, சரிசெய்து, திரும்பத் திறந்தார்கள்.

பெரியப்பா: இன்றைக்கு எட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் மணல்தான், நம்ம வைகை மாதிரி. பார்த்தால் இதுவா அப்படிச் செய்தது என்று இருக்கிறது.

நான்: பெரியப்பா, ஏறிப் பறந்தீங்களா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

பெரியம்மா: அங்கே பறக்கக் கற்றுக்கொடுக்கிற பள்ளி இருக்கிறது. தலைகீழாகக்கூடச் சுற்றிக் காட்டுவார்களாம். இவர் போய் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

பெரியப்பா: விசாரித்தேன், அவ்வளவுதான்.

பெரியம்மா: சுற்றிலும் எலுமிச்சைத் தோப்பு. வரும் வழியில் ஒரு பை வாங்கியிருக்கிறேன். தோல் தடிமன், ஊறுகாய்க்கு ஆகுமா?

அத்தை: ஆகும் அண்ணி. உப்பில் கூடுதலாக ஒரு வாரம் ஊறட்டும். அண்ணனை மட்டும் அடுத்த ஞாயிறு வீட்டிலேயே வையுங்கள்.

பெரியப்பா: அடுத்த மாதம் முதல் ஞாயிறு என்று மேலேயே சொன்னேனே 🙂