மறு: 'மீளுருவாக்க நிறுத்தம்' சரிதானா?

> கார் கையேட்டில் 'மீளுருவாக்க நிறுத்தம்' என்று போட்டிருக்கிறேன். பொருள் பிசகில்லை. மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லவும்.

ஐயா, வணக்கம். எலக்ட்ரிக் காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அதில் வரும் மின்சாரத்தை பேட்டரிக்கு அனுப்புகிறதே, அந்த 'ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்'குக்கு நீங்கள் போட்ட சொல்லுக்கு மறுப்பு இருக்கிறது.

பொருள் பிசகில்லைதான். ஆனால் 'நிறுத்தம்' என்றால் எங்களுக்குக் கண்ணில் நிற்பது பஸ் ஸ்டாப். பட்டறைப் பையனிடம் உங்கள் சொல்லைப் படித்துக் காட்டினேன். "அது எந்த ரூட்டுண்ணா?" என்றான். தவிர, பல வண்டிகளில் இந்த ஏற்பாடு வேகத்தைக் குறைப்பதோடு சரி. கடைசியில் நிறுத்தி வைப்பது பழைய டிஸ்க் பிரேக்தான்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எலக்ட்ரிக் கார் வாங்கி மூன்று மாதமான ஒருவர், தொப்பூர் கணவாய்க்கு மேலே தர்மபுரிப் பக்கம் மாமியார் வீட்டில் தங்கியிருக்கிறார். ராத்திரி பூரா சார்ஜ் போட்டு, நூறு காட்டியதும் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பிவிட்டார். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வழக்கம்போல வண்டி இழுத்துப் பிடிக்கவில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்ட லாரி மாதிரி ஓடியிருக்கிறது. பெடலை மிதித்ததும் பிரேக் பிடித்தது, நல்லவேளை. சாயங்காலமே பட்டறைக்கு வந்துவிட்டார். டேஷ்போர்டில் இங்கிலீஷில் ஏதோ வந்து மறைந்ததாம். அந்த வளைவில் யார் படிப்பது?

பழுது ஒன்றுமில்லை. காலை எடுத்ததும் மோட்டாரைச் சக்கரம் சுழற்ற, மோட்டார் ஜெனரேட்டராகி, வரும் மின்சாரம் பேட்டரிக்குப் போகும். அந்தச் சுமைதான் வண்டியை இழுத்துப் பிடிப்பது. பேட்டரி நிறைகுடமாக இருந்தால் எங்கே ஊற்றுவது? கண்ட்ரோலர் அந்த வேலையைக் குறைத்துவிடும். இறக்கத்துக்கு முன்னால் 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தியிருந்தால் போதும். இதை அவரிடம் 'மீளுருவாக்கம்' என்று சொல்லி விளக்கப் பார்த்தேன். பல்லிக்கு வால் முளைக்கிற கதையாகப் போய்விட்டது.

சொல் அவர் வாயிலேயே இருந்தது. "வண்டி பிடிக்கலீங்க" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். தமிழில் பிரேக்குக்கு வினை 'பிடி'தான். பிரேக் பிடித்தான், பிரேக் பிடிக்கவில்லை என்போம். அதை விட்டுவிட்டுத் தடை, தடுப்பு, நிறுத்தம் என்று ஏன் அலைய வேண்டும்? ('மீட்புத் தடை' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். ஆம்புலன்ஸை யாரோ மறித்த மாதிரி இருக்கிறது. 'மின்தடை' பற்றிச் சொல்லவே வேண்டாம், கரண்ட் போய்விடும்.)

முதலில் 'மின்பிடிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்து, "மீன்பிடிப்பா? ஒகேனக்கல்லுக்கா?" என்றார். அதோடு விட்டேன்.

இப்போது என் கட்சி: மின்பிடித்தம்.

சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் செய்வார்களே, அது. கைக்கு வருவது குறையும், கணக்கில் ஏறும். இங்கே வேகத்தில் பிடித்தம், பேட்டரியில் வரவு. 'மீள்', 'மறு' என்ற ஒட்டெல்லாம் தேவைப்படவில்லை. அளவும் சரியாக இருக்கிறது, ஏனென்றால் பிடித்தம் என்பது எப்போதுமே கொஞ்சம்தான். மீளுருவாக்கம் என்றால் செலவழித்த சார்ஜ் முழுக்கத் திரும்பி வந்துவிடும் போல ஒரு நினைப்பு வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,500 கிலோ கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால் மொத்தச் சக்தியே 0.4 யூனிட் சொச்சம். காற்று, டயர், மோட்டார் தின்றது போக மிஞ்சுவதுதான் பேட்டரிக்கு. 30 யூனிட் பேட்டரியில் ஒரு சதவீதம் ஏறினால் பெரிது.

> 'பிடித்தம்' என்றால் விருப்பம் என்றும் பொருள் உண்டே?

இதைக் கேட்ட ஓசூர் அம்மாவுக்கு: உண்டுதான் அம்மா. ஆனால் முன்னால் 'மின்' நிற்கும்போது காதல் விவகாரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மின்வாரியம் காசைப் பிடிக்கிறது என்று நினைப்பார்களோ என்பதுதான் எனக்கு உறுத்தல். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்த்தேன். டேஷ்போர்டுக்கு: 'பேட்டரி நிரம்பியுள்ளது, மின்பிடித்தம் குறைவு. பிரேக்கை மிதிக்கவும்.' செட்டிங்கில்: பிடித்தம் அதிகம், நடுத்தரம், குறைவு. சத்தம் பற்றிய பக்கத்துக்கு: 'மின்பிடித்தமே பெரும்பாலான வேலையைச் செய்வதால் டிஸ்க்குக்கு உரசல் குறைவு. மழையில் நின்ற வண்டியின் டிஸ்க்கில் மேல்துரு படிந்து காலையில் கரகரவென்று சத்தம் வரலாம். சில தடவை பிரேக் பிடித்ததும் போய்விடும். போகாவிட்டால் பிரேக் பேடை மெக்கானிக்கிடம் காட்டவும்.' இந்தக் கரகரப்புக்காக வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்.

ரயிலுக்கும் இதே சொல் பொருந்தும். மின்ரயில் என்ஜின்களில் இது பழைய சங்கதி. அங்கே மின்சாரம் மேலே கம்பிக்கே திரும்பிப் போகும், பேட்டரி நிரம்புகிற தொல்லை கிடையாது.

ஆக்சிலேட்டர் ஒன்றை வைத்தே ஓட்டுவதை 'ஒற்றை மிதி' என்று நீங்கள் எழுதியிருப்பது நன்றாக இருக்கிறது, அதில் கை வைக்காதீர்கள். மற்றபடி யாருக்கும் மறுப்பில்லை என்றால் மின்பிடித்தத்தை விக்சனரி இணைய அகராதியில் ஏற்றிவிடுகிறேன். நாளை பென்னாகரத்தில் ஒரு வேலை, திங்கட்கிழமைதான் மடலைப் பார்ப்பேன்.