சுண்டெலி முன்மூளையில் பாக்ஸ்6: விலங்குக்கூடம் இல்லாமல் இறுதியாண்டு ஆய்வு நிக்குமோ?

முறிகண்டி:
கிளிநொச்சியில் இருந்து கேக்கிறன். சுண்டெலி மூளை விருத்தியில் மரபணுக் கட்டுப்பாடுதான் தலைப்பு. விலங்குக்கூடம் இல்லை, 8 ஜிபி லப்டொப், கரண்டும் அடிக்கடி போகும். கரு நாள் 11.5இல் இருந்து 15.5க்குள் பாக்ஸ்6 (மூளை விருத்தியை வழிநடத்திற ஒரு மரபணு) குறையுது எண்டு பொதுத் தரவில் காட்டினால் போதுமோ?

இரணைமடு:
தரவு என்கோட் எண்ட பொது மரபணுத் தரவுத்தளத்தில் கிடக்கு, முன்மூளை நாள்வாரியாய், நாளுக்கு இரண்டு மாதிரி. ஃபாஸ்ட்கியூ எண்ட மூல வாசிப்புக் கோப்புகளைத் தொடாதேங்கோ. ஒரு மாதிரியே பல ஜிபி, அதை ஸ்டார் மென்பொருளில் மரபணுத்தொகுதியோட பொருத்த 30 ஜிபி ராம் கேக்கும். மரபணு அளவீட்டு அட்டவணை எம்பி கணக்கில்தான். அதில் டிபிஎம் (சீராக்கின அளவு) நிரலை, மரபணு அளவு வேறுபாட்டைக் கணிக்கிற டீசெக்2க்குக் குடுக்கக்கூடாது, அது முழு எண்ணைத்தான் கேக்கும். எக்ஸ்பெக்டட் கவுண்ட் (மதிப்பிட்ட வாசிப்பு எண்ணிக்கை) நிரலும் தசமம், நேரே ஏறாது. டிஎக்ஸ்இம்போர்ட் எண்ட ஆர் பொதி வழியாய்க் குடுங்கோ. நீளம் 0 எண்டு வாற மரபணுக்களுக்கு 1 போடாவிட்டால் அதிலயே பிழை காட்டி நிண்டிடும். எக்செல்லில் திறந்து சேமிச்சால் செப்ட்7 எண்ட பழைய மரபணுப் பெயர் செப்ரெம்பர் 7 ஆகிவிடும்!

மாங்குளம்:
கணக்கெல்லாம் சரி, கேள்விதான் பிழை. நாள் 11.5இல் முன்மூளை பெரும்பாலும் முன்னோடிக் கலங்கள், 15.5இல் நியூரோன்கள் நிறைஞ்சிடும். பாக்ஸ்6 ஒவ்வொரு கலத்திலும் மாறாவிட்டாலும், திசு முழுவதையும் அரைச்சு எடுத்த ஆர்என்ஏயில் குறைஞ்சுதான் தெரியும். அது கட்டுப்பாடு இல்லை, கலவிகிதம். முன்னோடிக் கலங்களை அடையாளம் காட்டிற நெஸ்டின், சொக்ஸ்2, ஹெஸ்5 மூண்டையும் சேர்த்து வரைஞ்சு பாருங்கோ. நாலும் ஒரே வீதத்தில் இறங்கினால் பாக்ஸ்6 பற்றிப் புதுசாய்ச் சொல்ல ஒண்டுமில்லை. முன்மூளை முழுசாய் வெட்டின மாதிரி எண்டதால் கீழ்ப்பக்கத்தில் இயங்கிற டிஎல்எக்ஸ்2 மரபணுவும் அதுக்குள்ளதான் இருக்கு, அதையும் மறக்கவேண்டாம்.

முறிகண்டி:
அப்ப எச்3கே27ஏசி (இயங்கிற ஊக்கிகளில், அதாவது மரபணுவைத் தூண்டிற டிஎன்ஏ துண்டுகளில், இருக்கிற ஹிஸ்டோன் குறி) உச்சங்களை எடுத்து, பக்கத்து மரபணுவோட இணைச்சால்?

மாங்குளம்:
பக்கத்து மரபணு எண்டது ஊகம். எஸ்எச்எச் மரபணுவை முன்மூளையில் இயக்கிற எஸ்பிஇ2 ஊக்கி 460 கிலோபேஸ் தள்ளிக் கிடக்கு. ஆய்வில் "கட்டுப்படுத்துகிறது" எண்டு எழுதாதேங்கோ, "சேர்ந்து மாறுகிறது" எண்டு எழுதுங்கோ. உச்சக் கோப்பும் மரபணுக் கோப்பும் ஒரே எம்எம்10 (சுண்டெலி மரபணுத்தொகுதியின் ஒரு பதிப்பு) தானா எண்டு முதலில் பாருங்கோ. ஒண்டு பழைய எம்எம்9 எண்டால் பிழைச் செய்தி வராது, பிழையான விடைதான் வரும்.

இரணைமடு:
எடுத்த துண்டுகளை சுண்டெலிக் கருவில் சோதிச்ச ஊக்கிகளைத் தொகுத்த விஸ்டா தளத்தில் தேடுங்கோ. ஊக்கி வேலைசெய்யிற இடத்தைக் காட்டிற லாக்இசட் நீலம் முன்மூளையில் விழுந்திருந்தால் நல்ல சாட்சி. ஆனால் அங்க உள்ள கருக்கள் பெரும்பாலும் நாள் 11.5. நீலம் இல்லை எண்டதை வைச்சு 15.5 பற்றி ஒண்டும் சொல்லேலாது.