வேலை போனபின் வரைபடத் தொழில்: சரிபார்க்க இன்னொருவர் கிடைத்த அனுபவம்

சென்னை, எஃகுக் கட்டமைப்பு வரைபடப் பணி

வெளிநாட்டுத் திட்டங்களுக்கு எஃகுக் கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் நான் டீடெய்லராக, அதாவது பட்டறைக்கான விவர வரைபடம் வரைபவராக இருந்தேன். திட்டங்கள் குறைந்தபோது எங்கள் குழு முழுவதையும் விடுவித்துவிட்டார்கள். அதே சம்பளத்தில் வேறு இடம் அமையாததால், அம்பத்தூர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளில் உள்ள ஃபேப்ரிகேஷன் (எஃகை வெட்டிப் பற்றவைக்கும்) பட்டறைகளுக்கு நேரில் சென்று, படிக்கட்டு, கைப்பிடி, இடைத்தளம் போன்ற சிறு வேலைகளைச் சொந்தப் பொறுப்பில் கேட்டு வாங்கத் தொடங்கினேன்.

வேலை கிடைப்பது கடினமாக இருக்கவில்லை. தனியாளாக அதை முடித்துக் கொடுப்பதுதான் கடினமாக இருந்தது. கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடத்தில் உத்தரத்தின் அளவும் சுமையும் இருக்கும். எந்த நீளத்தில் வெட்டுவது, எங்கே துளையிடுவது, எந்தத் தகட்டை எங்கே பற்றவைப்பது என்பதையெல்லாம் டீடெய்லர்தான் வரைந்து தர வேண்டும். 20 மி.மீ. போல்ட்டுக்கு 22 மி.மீ. துளை என்பதால் கிடைக்கும் இடைவெளி 2 மி.மீ. மட்டுமே. அதற்கு மேல் விலகினால், கிரேன் வாடகை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் உத்தரம் அந்தரத்தில் நிற்கும். ஆகவே வரைபவர் ஒருவர், சரிபார்க்கும் செக்கர் வேறொருவர் என்பது எங்கள் தொழிலில் மாறாத நடைமுறை. நிறுவனத்தில் இருந்தவரை அந்தச் செக்கர் அடுத்த மேசையில் இருந்தார். வெளியே வந்த பிறகு அந்த இடத்தில் யாரும் இல்லை.

என்னுடன் வேலையிழந்த மூத்த செக்கர் ஒருவர் திருச்சிக்குத் திரும்பியிருந்தார். தயக்கத்துடன்தான் அவரை அழைத்தேன். “நீ வரைந்ததை நீயே பார்த்தால் அது பார்த்த கணக்கில் சேராது, தம்பி, எனக்கு அனுப்பு” என்றார். முதல் சில வேலைகளில் பணப் பேச்சே எழவில்லை. அவர் எடுத்த வேலைகளுக்கு நான் கணினியில் மாடல் செய்து கொடுத்தேன், என்னுடையதை அவர் சரிபார்த்தார். ஆனால் வேலைகளின் அளவு சமமாக இல்லாதபோது இந்தக் கைமாற்று முறை சங்கடத்தில் முடியும் என்பதை இருவரும் விரைவில் உணர்ந்தோம். அதன்பின் ஒவ்வொரு வேலைக்கும் விலை சொல்லும் முன்பே யாருக்கு எவ்வளவு பங்கு, தவறு நேர்ந்தால் திருத்தும் செலவு யாருடையது என்று மின்னஞ்சலில் எழுதிக்கொள்கிறோம். குழந்தை பிறந்த பின் பணியை விட்ட முன்னாள் சக ஊழியர் ஒருவரும் இப்போது கும்பகோணத்திலிருந்து தமக்கு வசதியான நேரத்தில் வரைபடங்களைச் சீர்செய்து தருகிறார்.

“கவலைப்படாதே” என்று அழைத்துச் சொன்ன நண்பர்கள் பலர். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. எனினும் என் தொழிலை நிலைக்க வைத்தது, ஒரு மணி நேரம் அமர்ந்து என் வரைபடத்தில் சிவப்பு மையால் குறியிட்ட அந்த ஒருவரின் கண்கள்தான். இன்னும் தீராதது, பட்டறைகள் பணம் தரத் தாமதிக்கும் சிக்கல்.

கோவை, கணக்கு எழுதும் பணி

சென்னை நண்பரே, நீங்கள் சொன்ன அந்தத் தாமதத்தைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். நூற்பாலை ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து வெளியேற்றப்பட்ட பின், உங்களைப் போலத் தனித்து இயங்கும் சிலருக்குக் கணக்கு எழுதுகிறேன். அவர்கள் அனைவரையும் முதலில் உத்யம், அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசு இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்வேன். அதற்குக் கட்டணம் கிடையாது, ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். வேலை தொடங்கும் முன்பே பதிவு இருக்க வேண்டும்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்களுக்குள்ளும், இருந்தாலும் 45 நாட்களுக்கு மிகாமலும் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். சிறு வாடிக்கையாளரிடம் இந்த வட்டியைக் கேட்டால் அடுத்த வேலை வராது என்பதும் உண்மை. அதை நான் பரிந்துரைப்பதில்லை.

அதைவிடப் பயன்படுவது வருமான வரிச் சட்டத்தில் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்த விதி. குறு, சிறு நிறுவனத்துக்குக் மேற்சொன்ன கெடு தாண்டியும் தராத தொகையை, அதைக் கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் வேலையை வாங்கிய வாடிக்கையாளர் தம் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். ஆகவே விலைப்பட்டியலின் தலைப்பிலேயே உத்யம் எண்ணை அச்சிட்டு, பிப்ரவரி இறுதியில் நிலுவைப் பட்டியலை உரிமையாளருடன் அவருடைய ஆடிட்டருக்கும் சேர்த்து அனுப்புகிறோம். சென்ற முறை நீண்ட நாள் இழுத்தடித்த ஒரு பட்டறையிலிருந்து, மார்ச் முடியும் முன் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு அந்த ஆடிட்டரே அழைத்தார்.