அல்ஜீப்ரா வேண்டாம் என்று நிறுத்தப்பட்ட பெண்ணும் எங்கள் கோ-ஆப்பும்

நாங்கள் இருப்பது டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே. என் மகளுக்கு ஏழு வயதிலிருந்து வீட்டில்தான் பாடம். இங்கே வீட்டுக்கல்விக்குக் கெடுபிடி கிடையாது. வீட்டில் நடத்துவதும் தனியார் பள்ளிதான் என்று 1994இல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமை ஆகிய ஐந்தையும் உண்மையாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். பதிவு இல்லை, பரீட்சை இல்லை. மதிப்பெண் பட்டியலும் பள்ளி முடித்ததற்கான டிப்ளோமாவும்கூடப் பெற்றோர் கொடுப்பதுதான். எனக்குப் பிடித்தது இந்தச் சுதந்திரம். பிறகு என்னைக் கலங்க வைத்ததும் இதுதான்.

செவ்வாய்க்கிழமைகளில் ஒரு சபை மண்டபத்தில் கோ-ஆப், அதாவது வீட்டுக்கல்விக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் வகுப்பு, கூடும். அம்மாக்கள் ஆளுக்கொரு பாடம் எடுப்போம், எனக்குக் கணக்கு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு அம்மா தன் 16 வயது மகளை என் வகுப்பிலிருந்து எடுத்துத் தையலில் சேர்த்தார். "வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளுக்கு இரண்டாம் நிலை அல்ஜீப்ரா எதற்கு?" என்றார். அவளைவிட ஒரு வயது இளைய தம்பி அதே வகுப்பில் தொடர்ந்தான். அந்தப் பெண்ணின் நோட்டு என்னிடமே தங்கிவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஒரு இருபடிச் சமன்பாடு, பாதியில் நின்றிருந்தது. ஓரத்தில் பென்சிலால் "அடுத்த வாரம் கேட்க வேண்டும்" என்று எழுதி வைத்திருந்தாள்.

ஆத்திரத்தில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த அம்மாக்கள் கூட்டத்தில் எழுந்து பெண்ணியம், சமத்துவம் என்று பேசினேன். யாரும் சண்டை போடவில்லை. சிரித்த முகத்தோடு காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அப்புறம் ஒரு மாதம் எந்த வீட்டிலிருந்தும் அழைப்பு இல்லை. பெண்ணியம் என்ற வார்த்தையை அவர்கள் கேட்டிருப்பதெல்லாம், வீட்டில் இருக்கிற அம்மா ஒன்றுக்கும் உதவாதவள் என்ற வசவாகத்தான். ஐந்தாறு பிள்ளைகளைப் பெற்று, அத்தனை பேருக்கும் தானே பாடம் சொல்லி, ராத்திரி ரொட்டிக்கு மாவு பிசைகிறவர்கள் அவர்கள். தன் வாழ்க்கையே வீண் என்று சொல்கிறவளின் பேச்சை யார் காதில் வாங்குவார்கள்?

நான் பாளையங்கோட்டையில் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவள். அவர்கள் கையில் இருக்கும் வேதம்தான் என் கையிலும். அதனால் பெண்பிள்ளைகளுக்கு எண்ணாகமம் 27ஐ வாசிக்கக் கொடுத்தேன். செலோப்பியாத்துக்கு மகன் இல்லை. அவனுடைய ஐந்து மகள்களும் மோசேக்கும் சபையார் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்று, அப்பாவின் பங்கை எங்களுக்குக் கொடுங்கள் என்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தரே சொல்கிறார். ஒரு பத்து வயதுக்காரி, "நேராப் போய்க் கேட்டாங்களா? அப்பா இல்லாம?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் அம்மாவும் அங்கேதான் இருந்தார். நான் எதையும் சேர்த்துச் சொல்லவில்லை.

வரலாற்று வகுப்பில் டென்னசி கதை. 1920 ஆகஸ்டில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க இன்னும் ஒரே ஒரு மாநிலத்தின் சம்மதம் வேண்டியிருந்தது. டென்னசி சட்டமன்றத்தின் 24 வயது உறுப்பினர் ஹாரி பர்ன் எதிர்ப்பாளர்களின் சிவப்பு ரோஜாவைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். ஆனால் பையில், ஆதரித்து வாக்களி என்று அம்மா ஃபெப் எழுதிய கடிதம் இருந்தது. அம்மா சொல்லைக் கேட்டார், வாக்குக் கணக்கு மாறியது. இந்தக் கதையைப் பிடிக்காத அம்மா எங்கள் கோ-ஆப்பில் இல்லை!

உண்மையில் கதவைத் திறந்தது பண விஷயம்தான். சம்பளம் வாங்காத மனைவிக்கும் கணவரின் வருமானத்திலிருந்து அவள் பெயரிலேயே ஓய்வுக் கணக்கு தொடங்கலாம். 1996 சட்டத்துக்கு முன் அதில் வருஷத்துக்கு 250 டாலர்தான் போட முடியும், அந்தச் சட்டம் 2,000 ஆக்கியது. அதற்காகப் பாடுபட்டவர் எங்கள் டெக்சஸின் குடியரசுக் கட்சி செனட்டர் கே பெய்லி ஹட்சிசன். இதைச் சொன்னேன். திருமணம் 10 வருஷம் நிலைக்காமல் முறிந்தால், முதுமையில் கணவரின் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்திலிருந்து ஒன்றும் வராது என்பதையும் சொன்னேன். ஆறு பிள்ளைகளின் தாய் ஒருவர் கார் நிறுத்துமிடம் வரை என்னோடு வந்தார். "என் பேரில் ஒரு ரூபாய்கூட இல்லை" என்று நம் ஊரில் சொல்வோமே, அதையேதான் அவர் டாலரில் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பதில், பென்சில்வேனியாவிலிருந்து:

அக்கா, எங்கள் மாநிலத்தில் வருஷா வருஷம் உறுதிமொழிப் பத்திரம், பிள்ளையின் வேலைகளைத் தொகுத்த கோப்பு, அதைப் பார்த்துச் சான்று தர ஒருவர் என்று எல்லாம் உண்டு. மேல்வகுப்புக் கணக்கில் அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் சட்டத்திலேயே இருக்கின்றன. பெண்ணுக்கு வேண்டாம் என்று யாரும் லேசில் விட்டுவிட முடியாது. கெடுபிடி என்று நானே புலம்பியிருக்கிறேன், உங்கள் பதிவைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டேன். என் அனுபவம்: எபேசியர் 5இல் மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற 22ஆம் வசனத்தை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நான் அதற்கு முந்தின வசனத்தைச் சத்தமாக வாசித்தேன், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்பதை. அடுத்த பருவத்தில் எனக்கு வகுப்பு தரவில்லை. ஆனால் இரண்டு அம்மாக்கள் இன்னும் போன் பண்ணுகிறார்கள்.

பதில், ஜார்ஜியாவிலிருந்து:

உங்கள் பொறுமை பெரியது. எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கவலை. அம்மாக்கள் மனம் மாறுகிற வரைக்கும் அவள் வயது நிற்குமா? என்ன ஆனாள்?

முதல் பதிவிட்டவர்:

நீங்கள் கேட்பது நியாயம். ஒரு வருஷம் போய்விட்டது, அதை என்னால் மீட்டுத் தர முடியவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவள் அம்மாவே, "பாடப் புத்தகத்தைக் கொடுங்கள், வீட்டிலேயே செய்யட்டும்" என்று கேட்டு வாங்கிப் போனார். வகுப்புக்கு அனுப்பவில்லை. நோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அந்தச் சமன்பாட்டைப் படமெடுத்து அனுப்பினாள். முடித்திருந்தாள், ஒரு குறி மட்டும் தப்பு. எங்கே என்று நான் சொல்லவில்லை. மறுநாள் காலை அவளே திருத்தி அனுப்பினாள்.